அந்த பெல்ட்டு எனக்கிட்டதான் இருக்கு

மக்கா,

பெல்ட்ட காக்கா கொண்டு போகல்ல. நீ பக்கத்து வீட்டு ஓட்டு மேல ஏணி வச்சு ஏறிப் பாத்தியே, முருங்கை மூட்டுல கம்பு வச்சுக் குத்திக் குத்திப் பாத்தியே, அங்க எங்கயும் அது இல்ல. அது அப்பமும் எனக்கிட்டதான் இருந்துது, இப்பமும் எனக்கிட்டதான் இருக்கு. இத எழுதும்போ நான் அதக் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். லிஜிக்கு ஆப்ரேசன் கழிஞ்சு டாக்டர் வயித்துல கட்டச் சொன்ன பெல்ட்டு, உனக்க பெண்டாட்டிக்கு நீ அளவு பாத்து நெய்யாற்றின்கரையில வாங்கின பெல்ட்டு, அறுபது கழிஞ்ச உனக்க அம்மைக்க இடுப்புல கிடக்கு. சிரிக்கணும்னா சிரி. கோவப்படணும்னா அதுக்கும் உனக்கு நியாயம் உண்டு. ஆனா முழுசும் வாசிச்சுட்டுக் கோவப்படு.

போன்ல சொல்லலாம்னுதான் பாத்தேன். லிஜிய அவளுக்க அம்மைக்க வீட்டுக்கு, அம்பூரிக்குக் கூட்டிட்டுப் போன பிறகு நான் விளிச்சா, ‘ம்’, ‘ஆ’, ‘பிறகு பேசுறேன்’, இவ்வளவுதான் உனக்க வாயில இருந்து வருது. பிறகுன்னா எப்பம்னு கேக்கதுக்குள்ள போன் செத்துப்போகும். அதுகொண்டாக்கும் எழுதுறேன். அதுவும் தமிழில. நீ மலையாளத்துல படிச்சவன், தமிழ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்ப. களியிக்காவிளை பஸ்ஸு போர்டு வாசிக்கது மாதிரி நின்னு நின்னு வாசிப்ப. எனக்கு அது போதும். பேப்பர் மறிச்சுப் போடுற வேகத்துல இத நீ ஓட்டப்படாது. லிஜிக்குத் தமிழு பேசினா விளங்கும், வாசிக்க ஒரு எழுத்தும் தெரியாது. அவளுக்கு வேணும்னா நீதான் பக்கத்துல இருந்து வாசிச்சுக் கொடுக்கணும். கொடு. அவளுக்குத் தெரியாதது இதுல அதிகம் ஒண்ணும் இல்ல.

வளைச்சுக் கெட்டாம நேரே சொல்லுறேன். எனக்குப் பொறாமை. உனக்க பெண்டாட்டி மேல எனக்குப் பொறாமை. மாமியாருக்கு மருமக மேல பொறாமைன்னு சொன்னா, ‘ஓ, மகனப் பறிச்சுட்டா, அதாக்கும் கண்ணுகடி’ன்னு ஊரு எளுப்பமா முடிச்சுரும். அது இல்ல மக்கா. அவளுக்க நகை மேல எனக்கு ஆசை இல்ல. அவ தனுவச்சபுரத்துல பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கா, மாசம் பிறந்தா சம்பளம் வாங்குறா, அதுலயும் எனக்கு ஒரு சங்கடமும் இல்ல, பெருமைதான். அவ அந்தக் கட்டிலுல கிடந்தா பாரு, அந்தக் கிடப்பு. அது மேலதான் எனக்குப் பொறாமை. கிடக்குறவளப் பாத்து யாராவது பொறாமைப்படுவாளா? நான் பட்டேன்.

ஆஸ்பத்திரியில இருந்து நீ அவளக் கூட்டிட்டு வந்த அன்னைக்கே அது தொடங்கியாச்சு. பாறசாலை ஜங்சன்ல இருந்து நம்ம வீடு வரைக்கும் காரை நடக்க வச்சுல்ல கொண்டு வந்த. பின்னால வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சு அடிச்சு ஓஞ்சு போனான், நீ அசையல்ல. சீட் பெல்ட்டுக்கும் அவளுக்க வயித்துக்கும் நடுவுல ஒரு தலகாணி வச்சிருந்த. கேட்டுல நின்னு நான் அந்தத் தலகாணியத்தான் பாத்தேன். அவளுக்க முகத்தப் பாக்கதுக்கு முன்ன தலகாணியப் பாத்தேன். எனக்குத் தலகாணி வச்சது யாருன்னு மனசுக்குள்ள ஒரு கேள்வி வந்துது. அந்தக் கேள்வி பிறகு வீட்ட விட்டு இறங்கவே இல்ல.

அவ தீனம் எனக்குத் தெரியாத தீனமா? கர்ப்பப்பையில கட்டி. மாசாமாசம் ரத்தம் போயிப் போயி பிள்ள காகிதம் மாதிரி வெளுத்துப்போனா, ஸ்கூல்ல மாடி ஏறினா மூச்சு வாங்கும்னு சொல்லுவா. கட்டி பெருசு, கீறித்தான் எடுக்கணும்னு டாக்டர் சொன்னாவ. கட்டிய மட்டும் எடுத்துட்டு, நாளைக்கு ஒரு பிள்ளைக்கு இடம் வேணும்லா, கர்ப்பப்பைய அப்பிடியே தச்சு வச்சாவ. எனக்கும் இதே கட்டிதான். எனக்குக் கட்டிக்காக வேண்டி வீட்டயே இடிச்சுப் போட்டாவ. அதுகொண்டாக்கும் நீ ஒத்தப் பிள்ள. ‘கர்ப்பப்பைக்கு ஒண்ணும் இல்லம்மா, பத்திரமா இருக்கு’ன்னு நீ ஆஸ்பத்திரி வாசல்ல வந்து சிரிச்சுக்கிட்டுச் சொன்னப்பம் நானும் சிரிச்சேன், தோத்திரம்னு சொன்னேன். உள்ளுக்குள்ள ஒருத்தி சிரிக்கல்ல. அவளும் நாந்தான்.

பிறகு நீ செய்ததெல்லாம் நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். டாக்டர் சொன்னத வேதவசனம் மாதிரி மனப்பாடம் செய்து வச்சிருந்த. ஒன்றரை மாசத்துக்குப் பாரம் தூக்கப்படாது, ஒரு குடம் வெள்ளம் கூட. புண்ணுல ஈரம் படப்படாது. இருமல் வந்தா தலகாணிய வயித்துல அமுத்திப் பிடிச்சுக்கிட்டு இரும்பணும். மலம் இறுகப்படாது, முக்கப்படாது, அதுக்குப் பழமும் கீரையும் வெள்ளமும். இரும்புச் சத்து மாத்திரைய சாயா கூடக் குடிக்கப்படாது. ஒரே கிடப்பாக் கிடக்கப்படாது, ரெண்டு நேரம் முற்றத்துல பைய நடக்கணும். காய்ச்சல் வந்தா, புண்ணு சிவந்தா, நாத்தம் வந்தா, நேரம் காலம் பாக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஆபீசுக்கு லீவு போட்டுட்டு நீ அவள முற்றத்துல நடத்திக்கிட்டு இருந்த. அவ உனக்க தோளப் பிடிச்சுக்கிட்டு, மருந்துக்கடைக் காலண்டருல ராணி நடக்கது மாதிரி நடந்தா. நீ கஞ்ஞி வச்ச, பயறு வேவிச்ச, கோரிக் கொடுத்த. ஒரு நாளு நான் துணி எடுக்க உங்க கட்டிலு கிடக்குற முறிக்குள்ள வந்தா, நீ அவளுக்குப் பின்னால உக்காந்து தலை சீவி விட்டுக்கிட்டு இருக்க. சிக்கு எடுக்கத் தெரியாம ஒவ்வொரு முடியாப் பிரிச்சுக்கிட்டு இருக்க. எடுக்க வந்த துணிய எடுக்காமலே நான் இறங்கிப் போயிட்டேன். இதெல்லாம் நீ எங்க படிச்ச? உனக்க அப்பாவும் செய்யல்ல, நானும் சொல்லித் தரல்ல.

சபையில இருந்து பெண்ணுங்க கூட்டமா வந்தாவ பாத்தியா, ஹார்லிக்சும் ரொட்டியும் எடுத்துக்கிட்டு? ஜெபம் முடிச்சு இறங்கும்போ ஒருத்தி எனக்க கையப் பிடிச்சு, ‘இப்பிடி ஒரு மாப்பிள்ள கிடைக்க லிஜி குடுத்து வச்சிருக்கணும், நீயாக்கும் இவன இப்பிடி வளத்தது’ன்னு சொல்லிட்டுப் போறா. நல்ல வார்த்தைதான். ஆனா, நெல்லு விதைச்சது நான், கஞ்ஞி குடிக்கது அவ. அப்பிடித்தான் நினைச்சேன். சபைப் பெண்ணுங்கள வச்சுக்கிட்டே நினைச்சேன்.

எனக்குப் பொறாமையிலயும் பெரிய பொறாமை ஒண்ணு உண்டு. அத யாருக்கிட்டயும் சொன்னதில்ல. நீ அவகிட்ட ‘வெள்ளம் வேணுமா?’ன்னு கேப்ப. அவ ‘வேணும்’னு சொல்லுவா. ‘காலு அமுத்தணுமா?’ ‘வேணும்.’ ‘இன்னும் கொஞ்சம் கஞ்ஞி?’ ‘வேணும் சேட்டா.’ எவ்வளவு எளுப்பமாச் சொல்லுறா மக்கா! கூச்சம் இல்ல, யோசனை இல்ல, நாக்கு தடுக்கல்ல. அந்த ஒரு வார்த்தை எனக்க வாயில ஒருநாளும் வந்ததில்ல.

எனக்கு ஆப்ரேசன் கழிஞ்சப்பம் உனக்கு அஞ்சு வயசு. உனக்க அப்பா அப்பம் ஒற்றசேகரமங்கலம் பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போயிட்டிருந்தாரு. வீட்டுக்கு வந்து என்னக் கட்டிலுல இருத்திட்டு, வாசல்ல நின்னுக்கிட்டு, ‘துணைக்கு ஆளு யாரையாவது நிறுத்தணுமா?’ன்னு கேட்டாரு. ‘வேண்டாம், நான் பாத்துக்கிடுவேன்’னு சொன்னேன். கேட்டது ஒரே தடவை. வேண்டாம்னு சொன்னதும் தலைய ஆட்டிட்டு, தோர்த்தத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கிப் போயிட்டாரு. கெட்ட மனுசன் இல்ல. செத்துப்போனவர நான் குறை சொல்லல்ல. சொன்ன வார்த்தைய அப்பிடியே நம்புற மனுசன். அப்பிடிப்பட்ட நல்லவங்க கையிலதான் பெண்ணுங்க படுற பாடு.

நீ முற்றத்துல நின்னு அழுத. நான் ஆஸ்பத்திரியில கிடந்த நாளு முழுக்க என்னக் காணாம இருந்தவன், ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு, ‘எடும்மா, எடும்மா’ன்னு ஒரே நிலவிளி. ‘இரு மக்கா, அம்மைக்கு வயித்துல புண்ணு’ன்னு சொன்னா அஞ்சு வயசுக்கு விளங்குமா? எடுத்து இடுப்புல வச்சேன். உள்ளுக்குள்ள பழந்துணி கிழியது மாதிரி ஒரு கிழி. நீ டக்குன்னு அழுகைய நிறுத்திட்டு எனக்க தோள்ல தலை வச்சுட்ட. பின்ன எப்பிடி இறக்கி விடுவேன்? பிறகு கிணத்துல வெள்ளம் கோரினேன், மரச்சீனிக் கிழங்கு சுமந்தேன், எல்லாம் செய்தேன். கொஞ்ச மாசம் கழிஞ்சு தழும்புக்குப் பக்கத்துல ஒரு எலுமிச்சை அளவு தள்ளிக்கிட்டு வந்துது. படுத்தா உள்ள போகும், நின்னா வெளிய வரும். இப்பம் அது ஒரு தேங்காச் சிரட்டை அளவு இருக்கு. நைட்டிக்குள்ள யாருக்குத் தெரியும்? ‘அம்மைக்குத் தொப்பை வச்சாச்சு’ன்னு நீயே ஒரு கிறிஸ்துமசுக்குக் கேலி செய்திருக்க.

உன்னக் குத்தம் சொல்லுறதுக்கு இத எழுதல்லன்னு எழுத வந்தேன். பொய் எழுத மனசு வரல்ல. கொஞ்சம் அதுக்கும்தான் எழுதுறேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்லுவாவ. எனக்க வயிறு உனக்குத் தெரியாம போனதுக்கு எனக்க வாயும் ஒரு காரணம், அது எனக்குத் தெரியும். ஆனாலும் மக்கா, முப்பது வருசம் ஒரே வீட்டுல இருந்தும் ஒருத்தன் கண்ணுலயும் படல்லியே.

இதெல்லாம் சேந்துதான் எனக்க நாக்கு கசந்துது. ‘நாங்க எல்லாம் தையல் பிரிக்கதுக்கு முன்ன அடுப்பு மூட்டினோம்’னு சொல்லுவேன். ‘இப்பம் உள்ள பிள்ளைகளுக்கு நகம் வெட்டினாலும் ரெஸ்ட்டு வேணும்’னு சொல்லுவேன். லிஜி சுவரப் பாத்துத் திரும்பிப் படுப்பா. ‘அம்மா, ஒண்ணு சும்மா இருக்கியா, அது அந்தக் காலம்’னு நீ சொன்ன. அந்தக் காலம்! காலம்தான்டா வேற, வயிறு அதே வயிறுதானே? அன்னைக்கு நான் அடுக்களைக்குப் போயி அம்மியில தேங்காய வச்சு அரைச்ச அரையில துவையல் வெண்ணெயாப் போச்சு. நல்லாருக்குன்னு நீ ரெண்டு தடவை வாங்கித் தின்ன.

வேது வெள்ளத்துக்கு வாறேன். பெத்த பெண்ணுக்கு இலை எல்லாம் போட்டுத் திளைக்க வச்ச வெள்ளத்துல குளிப்பாட்டுறதுன்னா இந்தப் பக்கத்துல என்னத்தான் தேடி வருவாவ. இடுப்புல ஆவி பறக்க ஓங்கி ஊத்துறதுக்கு ஒரு கைப்பழக்கம் வேணும், அது எனக்கு உண்டு. கட்டி எடுத்தவளும் பெத்தவளும் ஒண்ணுன்னு யாரு எனக்குச் சொன்னா? யாரும் சொல்லல்ல. வயிறு காலியானா வேது வெள்ளம், அவ்வளவுதான் எனக்க வைத்தியம். அத நான் சொன்னப்பம் நீ, ‘பச்சைப் புண்ணுல சுடுவெள்ளமா? அம்மா, அவ பெத்துட்டு வரல்ல’ன்னு கத்தின. நீ சொன்னது சரிதான். இப்பம் சொல்லுறேன், சரிதான். ஆனா எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான், மக்கா. அதையும் வேண்டாம்னு சொன்னா அந்த வீட்டுல நான் எதுக்கு? அந்த வாசியில, அந்த வீம்புலதான் மறுநாளும் சருவத்துல வெள்ளத்த நிறைச்சு, வாதங்கொல்லி இலையும் புளியிலையும் போட்டு அடுப்புல ஏத்தினேன். யாருக்கும் வேண்டாம்னா தென்னைக்கு ஊத்துவேன்னு ஏத்தினேன்.

அன்னைக்குக் காலையிலதான் நீ பெல்ட்ட அலம்பிக் கொடியில போட்டிருந்த. காயுற வரைக்கும் அவ எழும்பப்படாதுன்னு சொல்லிட்டு நீ குளிக்கப் போன. நான் துணி எடுக்கப் போனேன். பெல்ட்டு கொடியில ஆடிக்கிட்டு கிடந்துது. சும்மா தொட்டுப் பாக்கலாம்னுதான், சத்தியமா, தொட்டுப் பாக்கலாம்னுதான் எடுத்தேன். பின்ன வெளிக்குளிமுறியில கதவச் சாத்திக்கிட்டு நைட்டியத் தூக்கிக் கட்டினேன். அவளுக்க இடுப்பு நூலு மாதிரி, எனக்கது உரலு. இருந்தாலும் இழுத்து ஒட்டினேன். மக்கா, என்ன சொல்லுறது? நின்னா வெளிய வாற அந்த சவம் உள்ளயே அடங்கி நின்னுது. முப்பது வருசமா ஒரு கையால வயித்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் நடந்திருக்கேன், அது எனக்கே அப்பம்தான் தெரிஞ்சுது. ரெண்டு கையும் சும்மா கிடந்துது. அந்த ரெண்டு கையையும் என்ன செய்யணும்னு தெரியாம நான் குளிமுறியில நின்னு அழுதேன்.

அப்பம்தான் நீ வெளிய நின்னு, ‘அம்மா, பெல்ட்டக் கண்டியா?’ன்னு கேட்ட. அவுக்கலாம்னு கைய வச்சேன், அந்த ஒட்டுற பட்டை ‘பர்ர்ர்’ன்னு ஊருக்கே கேக்கச் சத்தம் போடுமே, பயந்துபோயி விட்டுட்டேன். ‘காக்கா கொண்டு போயிருக்கும்’னு வாயில வந்தத சொன்னேன். நீயும் அத நம்பி ஏணியத் தூக்கின. எலே, முழ நீளம் உள்ள பெல்ட்ட எந்தக் காக்காலே தூக்கும்? இவ்வளவு படிச்சு என்ன புண்ணியம்? நீ ஓட்டு மேல ஏறினதப் பாத்து எனக்கு உள்ளூரச் சிரிப்பும் வந்துது, ஒரு சந்தோசமும் வந்துது. அவளுக்க சாமான் ஒண்ணு எனக்கிட்ட இருக்குன்னு ஒரு கேடுகெட்ட சந்தோசம்.

தேடி ஓஞ்சு, வேற ஒண்ணு வாங்கிட்டு வாறேன்னு நீ நெய்யாற்றின்கரைக்கு வண்டி எடுத்த. ‘அவ எழும்பாமப் பாத்துக்கோ’ன்னு சொல்லிட்டுப் போன. நீ போனதும் நான் அவளுக்க முறி வாசல்ல போயி நின்னேன். ‘வெள்ளம் திளைச்சாச்சு. யாருக்கும் வேண்டாம். அடுப்புல இருந்து இறக்கித் தென்னைக்குக் கொண்டு ஊத்தணும், அதுக்கும் நான்தான்’னு சொன்னேன். அவ தலையத் தூக்கிப் பாத்து, ‘அம்மே, ஞான் காலு மட்டும் கழுகட்டே? அதுக்குக் குழப்பம் இல்லல்லோ’ன்னு கேட்டா. ‘உனக்க இஷ்டம்’னு சொல்லிட்டு, ஸ்டூலும் கப்பும் எடுக்கப் பின்னால போனேன். திரும்பி வரும்போ அடுக்களையில ஒரு சத்தம். சருவம் கவுந்து கிடக்கு, தரை எல்லாம் இலை, ஆவி. அவ அடுப்புக்குப் பக்கத்துல வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ஏசு காத்தாரு, வெள்ளம் மறுபக்கம் போயிருந்துது. ஆனா நைட்டியில ரத்தம்.

எனக்கு உசுரு போயிட்டு. கக்கத்துல கைய விட்டுத் தூக்கப் பாத்தேன், எனக்க வயித்துல சுரீர்னு ஒரு வலி, நானும் அவ பக்கத்துல உக்காந்துட்டேன். அவ விழாம இருக்க எனக்க இடுப்பச் சுத்திப் பிடிச்சா. பிடிச்ச கை அங்கயே நின்னுது. நைட்டிக்கு மேல தடவிப் பாத்தா. எனக்க முகத்தப் பாத்தா. ‘அம்மே, இது என்டெ பெல்ட்டல்லே?’ன்னு கேட்டா. பூமி பிளந்தா இறங்கிப் போயிருப்பேன். அவளுக்குச் சிரிப்பு வந்துட்டு. வலியில கண்ணுல வெள்ளம் ஒழுகுது, சிரிக்கா. ‘என்னச் சிரிப்பிக்காத அம்மே, தையலு வலிக்குது, காக்காயாம், காக்கா’ன்னு வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கா. நானும் சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சேன்னு எனக்குத் தெரியாது. உனக்க வண்டிச் சத்தம் கேட்டதும், ‘சேட்டன்கிட்ட சொல்லண்டா’ன்னு மெல்லச் சொல்லிட்டு கண்ண மூடிக்கிட்டா.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். ‘ஒரு நேரம் உன்ன நம்பி விட்டுட்டுப் போக முடியல்லியே’ன்னு நீ கத்தின கத்து அடுத்த வீட்டு வரைக்கும் கேட்டுது. வெளித்தையலு ஒண்ணு விட்டிருக்கு, உள்ள கேடு ஒண்ணும் இல்லன்னு ஆஸ்பத்திரியில திரும்பக் கட்டி விட்டாவ. மறுநாளே அவள அம்பூரிக்குக் கொண்டு போயிட்ட. இப்பம் அங்க அவளுக்க அம்மைக்க வீட்டுல நீ சோறு தின்னுற. அதும் எனக்குப் பொறாமைதான், சொல்லிட்டேன். ஒண்ணு பாத்துக்கோ, அவளப் பெத்தவளும் ஒருநாளு சருவத்துல இலை போட்டு அடுப்புல ஏத்துவா. ஏத்தாம இருக்க மாட்டா, அவளும் நம்ம பக்கத்துப் பெண்ணுதானே. அப்பம் நீ தடுக்கணும். என்னத் தடுத்த அதே சத்தத்துல தடுக்கணும். எனக்கிட்டக் கத்திட்டு அங்க போயிப் பல்லக் காட்டிக்கிட்டு நின்னன்னா, நான் உன்ன மன்னிக்க மாட்டேன்.

ரெண்டு வாரம் முன்ன லிஜி என்ன விளிச்சா. நீ கடைக்குப் போயிருந்த நேரம். ‘அம்மே, வயித்துல என்ன?’ன்னு கேட்டா. ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். ‘ஒண்ணும் இல்லன்னு சொல்லண்டா. நீங்க இருமும்போ, பாரம் எடுக்கும்போ வயித்தப் பிடிக்கது நான் கட்டிலுல கிடந்து கண்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்குச் சருவத்த நான் இறக்கினது எதுக்குன்னு நினைச்சீங்க?’ன்னு கேட்டா. காலு கழுகதுக்கு இல்ல மக்கா. நான் தூக்கப்படாதுன்னாக்கும், தச்ச வயித்தோட அந்தப் பிள்ள போயித் தூக்கினது. முப்பது வருசம் யாரு கண்ணுலயும் படாதத, சுவரப் பாத்துத் திரும்பிக் கிடந்தவ கண்டுட்டா. மகன் காணல்ல, மருமக கண்டா. பாரு, இதுலயும் எனக்கு ஒரு பொறாமை. நல்ல மனசும் அவளுக்கே போயிட்டு.

அவ சொன்ன சொல்லுல நான் பஸ்ஸு ஏறி நெய்யாற்றின்கரைக்குப் போயி டாக்டரப் பாத்தேன். பழைய தையலு வழியா குடலு தள்ளி நிக்குதாம். ஆப்ரேசன் செய்து உள்ள ஒரு வலை வச்சுத் தைக்கணும். பெல்ட்டு ஒரு தாங்கல்தான், மருந்து இல்ல, குடலு வந்து மாட்டிக்கிட்டா உசுருக்கே ஆபத்து, நாளக் கடத்தப்படாதுன்னு சொன்னாவ. கழிஞ்ச பிறகு பாரம் தூக்கப்படாது, கூட ஆளு வேணும்னும் சொன்னாவ. ‘கூட யாரு உண்டு?’ன்னு டாக்டர் கேட்டாவ. ‘மகன் உண்டு’ன்னு சொன்னேன். சொல்லிட்டு வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல ஒரு பாடு நேரம் உக்காந்திருந்தேன்.

அதுகொண்டு கேக்கேன். லிஜி நல்லாத் தேறட்டும். அவள விட்டுட்டு இப்பமே ஓடி வான்னு சொல்ல ஆசை உண்டு, சொல்லல்ல. அவ ‘வேணும், வேணும்’னு சொல்லுறத ஒருநாளும் நிறுத்த விட்டுராத, அவளுக்கு நாளைக்குப் பிறக்கப் போற பிள்ளைக்கும் அவ அத முதல்ல சொல்லிக் கொடுக்கட்டும். அவ தேறினதும் நீ எனக்கு லீவு எடு. அவளுக்கு எத்தன நாளு எடுத்தியோ அத்தன நாளு. ஒரு நாளு குறையப்படாது, நான் விரல் விட்டு எண்ணுவேன். ஆஸ்பத்திரியில இருந்து என்னக் கூட்டிட்டு வரும்போ சீட் பெல்ட்டுக்கு நடுவுல தலகாணி வைக்கணும். காரை நடக்க வச்சுக் கொண்டு வரணும், பின்னால ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கட்டும், எனக்கு அது கேக்கணும். கஞ்ஞி நீதான் வைக்கணும், நீதான் கோரித் தரணும். தலை சீவி விட எனக்கு இப்பம் முடி அதிகம் இல்ல, உனக்கு வேலை எளுப்பம். பெல்ட்டு வாங்கண்டா, இது இருக்கு. திருப்பித் தர மாட்டேன்னு லிஜிகிட்ட சொல்லிரு.

ஒண்ணு மட்டும் ஓர்மையில வச்சுக்கோ. இவ்வளவும் எழுதினவ, நீ நேருல வந்து வாசல்ல நின்னு, ‘அம்மா, நான் நிக்கணுமா?’ன்னு கேட்டா, ‘வேண்டாம் மக்கா, நீ போ, நான் பாத்துக்கிடுவேன்’னுதான் சொல்லுவா. அறுபது வருசத்து நாக்கு, ஒரு கடுதாசி எழுதினதும் திரும்பிராது. நீ அத நம்பிட்டு இறங்கிப் போயிராத.

உனக்க அப்பா நம்பினாரு.

உனக்க அம்மை